குதிகால் சோதனை

பூங்கா அலுவலகத்துக்கு முதல் தடவை போனபோது தாள் போதாது என்று விசிலம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவை, தாள் அதிகம் என்றார்கள்.

அதற்கும் அடுத்த தடவை எல்லாம் சரியாக இருந்தது. காப்பீட்டுக் கடிதம் இருந்தது. மைதானத்தைச் சுற்றியிருந்த குடும்பங்கள் ஆட்சேபணை இல்லை என்று போட்ட கையெழுத்துகள் இருந்தன. ஆட்டம் முடிந்ததும் குப்பை பொறுக்குவோம் என்ற உறுதிமொழி இருந்தது. முதலுதவிச் சான்றிதழும் இருந்தது. அதற்காக அவள் தன் வீட்டுக்காரரின் காலில் கட்டுப்போட்டுப் பழகினாள். அவர் குழாய் வேலைக்காரர். கட்டை அவிழ்க்க மறந்து அப்படியே வேலைக்குப் போனார். பாவம் மனுஷன் என்று வேலைக்குப் போன வீட்டில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். மறுநாளும் அவர் காலை நீட்டினார். அவள் துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

கவுண்டர்காரர் தாள்களை முன்னும் பின்னும் புரட்டினார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "இன்னொரு தடவை பாத்துடுங்க சார்."

"சரியா இருக்குன்னு சொல்றேன்ல. ஆனா ஒரு சிக்கல்."

"அதானே பார்த்தேன்."

"இதே மைதானம், இதே சனிக்கிழமை காலையில இன்னொருத்தரும் கேட்டிருக்காரு. டிரைவிங் ஸ்கூல்."

"எந்த டிரைவிங் ஸ்கூல்?"

கவுண்டர்காரர் பேனாவை அவள் தோளுக்கு மேலே நீட்டினார். அவள் திரும்பினாள். பெஞ்சின் நுனியில், வெள்ளைச் சட்டை கசங்காமல், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார் சம்பந்தி.

விசிலம்மா அவசரமாக ஒரு கும்பிடு போட்டாள்.

அவள் லாண்டரி நடத்துகிறவள். கழுத்தில் விசில் எப்போதும் தொங்கும். வாரம் முழுக்க ஊர் அழுக்கைத் துவைப்பாள். சனிக்கிழமை காலையில் கடையைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் போட்டி நடத்துவாள். அந்தத் தெருக்களில் பந்தைத் தொட்ட பிள்ளைகள் எல்லாம் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான். பத்துப் பன்னிரண்டு வருடங்களாக ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஆடினார்கள். இப்போது அங்கே புதுக் கட்டடம் நிற்கிறது. மிச்சம் இருப்பது அரசாங்கத்தின் கிழக்கு மைதானம் ஒன்றுதான். அது கிடைக்காவிட்டால் இந்த வருடம் போட்டி இல்லை. சின்னதுகளுக்குப் பரவாயில்லை, அடுத்த வருடம் ஆடிக்கொள்ளும். பெரிய பெண்கள் அணிக்கு இதுதான் கடைசி வருடம். அப்புறம் வயது தாண்டிவிடும். அந்த அணி இதுவரை ஒரு கோப்பையும் வாங்கியதில்லை. கோல்கீப்பர் பெண் தினமும் கடை வாசலில் வந்து நின்று, "மைதானம் என்னாச்சு?" என்று கேட்கிறாள். துவைக்கத் துணி எதுவும் போடுவதில்லை. கேட்டுவிட்டுப் போய்விடுகிறாள்.

சம்பந்தி எழுந்து வந்தார். விசிலம்மாவின் மகளை அவர் மகனுக்குக் கொடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்னும் இரண்டு வீட்டாரும் ஒருவர் முன் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்காராத காலம்.

"அடடே, சம்பந்தியம்மா! நீங்க கேட்டது தெரிஞ்சிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேனே."

"ஐயோ, நீங்க கேட்டது தெரிஞ்சிருந்தா நான் இந்தப் படியே ஏறியிருக்க மாட்டேன்."

"அப்போ நீங்களே எடுத்துக்குங்க."

"அதெப்படி? நீங்கதான் எடுத்துக்கணும்."

"சேச்சே. பிள்ளைங்க விளையாட்டு."

"உங்களுக்குத் தொழிலாச்சே."

கவுண்டர்காரர் நிமிர்ந்தார். "ரொம்ப நல்லது. அப்ப யாரு வாபஸ் வாங்குறீங்க?"

இருவரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். அது சுற்றிக்கொண்டிருந்தது.

"சரிதான்" என்றார் கவுண்டர்காரர். "வர்ற சனிக்கிழமை அதிகாரியம்மா மைதானத்துக்கே வருவாங்க. ரெண்டு பேரும் வந்துடுங்க. அங்க வச்சு முடிவு."

சம்பந்தி முதலில் போகட்டும் என்று விசிலம்மா செருப்பு மாட்டுவதுபோல் நின்றாள். அவர் தலை மறைந்ததும் கவுண்டரில் முழங்கையை ஊன்றினாள்.

"அதிகாரியம்மா எதை சார் பார்ப்பாங்க?"

"புல்லை. அவங்களுக்குப் புல்லுன்னா உயிரு. மனுஷங்களை அப்புறம்தான் பார்ப்பாங்க."

கிழக்கு மைதானத்தின் புல் பழைய மிதியடி நிறத்தில் இருந்தது. மழை பெய்து வெகுநாள் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் மகள் கண்ணாடிக் கடை வேலை முடிந்து வழக்கம்போல் லாண்டரிக்கு வந்து, மேசைமேல் ஏறி உட்கார்ந்தாள். விசிலம்மா போர்வை மடித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

"தெரியும். மாமா சொன்னாரு" என்றாள் மகள்.

"என்ன சொன்னாரு?"

"நீ ரொம்பப் பெருந்தன்மையா நடந்துக்கிட்டியாம்."

"அவரும்தான்." போர்வையை ஓங்கித் தட்டினாள். "ஏன்டி, அந்தப் புல்லைப் பார்த்தா அதிகாரியம்மா அழுதுடுவாங்க. என்ன பண்ணலாம்?"

மகள் காலை ஆட்டுவதை நிறுத்தினாள். கொஞ்சம் யோசித்தாள். "தண்ணி தெளிச்சுப் பாரேன்."

"அட, ஆமா!"

"ஆனா நான் சொன்னேன்னு—"

"யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். நீயும் விடாதே. முக்கியமா உன் மாமனார்கிட்ட."

"சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றாள் மகள். சொல்லும்போது எச்சில் விழுங்கினாள். விசிலம்மா அதைக் கவனித்தாள். புகுந்த வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பாவம் தவிக்கிறது என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் கடையில் கிடந்த ஹோஸ் துண்டுகளை எல்லாம் ஒட்டுப்போட்டுச் சேர்த்து மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். உடை மாற்றும் அறைப் பக்கம் ஒரு பொதுக்குழாய் இருந்தது. திரும்பி வந்தபோது முகத்தில் வெற்றி.

"நனைச்சாச்சா?"

"நனைச்சேனா? குளிப்பாட்டிட்டேன். ஹோஸை அங்கேயே விட்டுட்டு வந்திருக்கேன், காலையில ஒரு கை தெளிச்சா போதும்."

"குழாயை மூடினீங்களா?"

அவர் அவளைப் பார்த்த பார்வையில் குழாய் வேலைக்காரர்களின் மானம் மரியாதை எல்லாம் இருந்தது.

சனிக்கிழமை காலை மைதானம் பளபளத்தது. பச்சை என்று சொல்ல முடியாது. ஆனால் பழைய மிதியடியைத் துவைத்துப் போட்டதுபோல் இருந்தது. பெரிய பெண்கள் அணி சீருடையில் வந்து ஓரமாக வரிசை கட்டியிருந்தது. பெற்றோர்கள் சிலர் அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள். எதிர்ப்பக்கம் சம்பந்தி, தேய்த்த வெள்ளைச் சட்டையில், தன் சின்னப் பயிற்சி வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். வண்டியையும் கழுவியிருந்தார். மருமகன் வரவில்லை. தலைவலி என்று படுத்துவிட்டானாம். கெட்டிக்காரப் பையன். மகள் மட்டும் வந்து, இரு தரப்புக்கும் சரி நடுவில் நின்றுகொண்டாள்.

அதிகாரியம்மா தனியாக வந்தார். நெட்டையான பெண்மணி. கனமான கறுப்பு ஷூ. யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராக மைதானத்தின் நடுவுக்கு நடந்தார். வலது குதிகாலைப் புல்லில் ஊன்றினார். ஊன்றி, அரைவட்டம் திருகினார். காலை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

பள்ளத்தில் தண்ணீர் ஊறியது.

வேறு இடத்தில் ஊன்றினார். அங்கேயும் ஊறியது. கோல் பக்கம் ஊன்றியபோது காலை எடுக்கவே கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது.

"ராத்திரி இங்க மழை பேஞ்சுதா?" என்றார்.

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். ஒரு துணுக்கு மேகம் இல்லை. துடைத்துவைத்த பாத்திரம்போல் இருந்தது.

"லேசா..." என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார். விசிலம்மா அவர் இடுப்பில் கிள்ளினாள்.

"குதிகால் பதிஞ்ச இடத்துல தண்ணி ஊறினா மைதானத்தை மூடணும். அதான் விதி. ஈரத்துல யாரு மிதிச்சாலும் புல்லு வேரோட போயிடும். இன்னைக்கு முடிவு கிடையாது. அடுத்து எப்ப வர முடியும்னு பார்த்துச் சொல்றேன். அதுக்குள்ள விண்ணப்பக் காலம் முடிஞ்சா, அடுத்த வருஷம்."

அடுத்த வருஷம் என்ற சொல் பெண்கள் வரிசையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போனது. கோல்கீப்பர் பெண் கையுறையைக் கழற்ற ஆரம்பித்தாள். விசிலம்மா வாயைத் திறந்தாள். என்ன சொல்வது? தண்ணீர் ஊற்றியது நாங்கள்தான் என்றா? தன் வாயால் தானே கெடுத்துக்கொள்வதா?

அவள் யோசித்து முடிப்பதற்குள் சம்பந்தி முந்திக்கொண்டார்.

"அம்மா, ஒரு நிமிஷம். பிள்ளைங்க குதிப்பாங்க, உதைப்பாங்க, நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா என் வண்டி அப்படி இல்ல. பாரம் நாலு சக்கரத்துக்கும் பிரிஞ்சுடும். பூனை நடக்குற மாதிரி போகும். பாருங்களேன்."

"வேணாம் சார்" என்றார் அதிகாரியம்மா.

"ஒரு பத்தடி. பார்த்துட்டுச் சொல்லுங்க."

"சார்!"

வண்டி மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. பூனைபோலத்தான் போனது. கொஞ்ச தூரம் போனதும் பூனை நின்றது. பின்சக்கரம் சுழன்றது, வண்டி நகரவில்லை. வண்டி மாட்டிக்கொண்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதே என்று தினமும் தொண்டை வறளச் சொல்லிக்கொடுக்கிற மனுஷர் அவர். ஓங்கி மிதித்தார். சேறு விசிறியடித்தது. வண்டி அடைகாக்கும் கோழிமாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

கண்ணாடி இறங்கியது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் சம்பந்தி.

விசிலம்மாவுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்தது. ஒரு கணம் ஊரே தன் கைக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. இன்னும் இரண்டு மிதி மிதித்தால் போதும், அந்த டிரைவிங் ஸ்கூல் இந்த ஜென்மத்தில் இந்த மைதானத்துப் பக்கம் வர முடியாது. சும்மா நின்றாலே போதும்.

மகளைப் பார்த்தாள். மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. அதிகாரியம்மா கிழிந்த புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நிச்சயமாகச் சிரிப்பு இல்லை.

"மிதிக்காதீங்க சம்பந்தி!" என்று கத்தினாள். "கீழ இறங்குங்க!"

"இறங்கினா சேறும்மா!"

"உள்ள இருந்தா நீங்களும் ஒரு பாரம். இறங்குங்க!"

அவர் கதவைத் திறந்து, காலை வைத்து, வழுக்கி உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டையின் கதை அத்தோடு முடிந்தது.

விசிலம்மா விசிலை எடுத்து ஒரு நீள ஊதல் ஊதினாள்.

பெண்கள் சட்டென்று உட்கார்ந்து ஷூக்களைக் கழற்றினார்கள். வெறுங்காலோடு ஓடி வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். பெற்றோர்களும் வந்தார்கள். வீட்டுக்காரர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பின்பக்கம் போனார். அதிகாரியம்மா கையை உயர்த்தினார். "தள்ளாதீங்க! தள்ளினா இன்னும் கிழியும்!"

"தள்ள மாட்டாங்க மேடம்" என்றாள் விசிலம்மா.

இரண்டு குட்டை ஊதல். எல்லாக் கைகளும் வண்டியின் அடியில் போயின. இன்னொரு நீள ஊதல். வண்டி எழுந்தது.

சின்ன வண்டிதான். ஆனாலும் வண்டி. அதை அவர்கள் தூக்கிப் பிடித்தபடி, அவள் ஊதும் ஒவ்வொரு ஊதலுக்கும் ஓர் எட்டு வைத்து, பக்கவாட்டில் நகர்ந்தார்கள். வீட்டுக்காரர் மட்டும் ஊதலுக்கு ஒத்து வரவில்லை. "மாமா, தப்பு, தப்பு!" என்று பெண்கள் அவரை அதட்டினார்கள். சிரித்துக்கொண்டே, முனகிக்கொண்டே, வண்டியைக் கொண்டுபோய்ப் பாதையில் இறக்கினார்கள். அது கீழே பட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை.

அதிகாரியம்மா அவர்கள் நடந்த தடத்தைக் குனிந்து பார்த்தார். வெறுங்கால் தடம். புல் படிந்திருந்தது, எங்கேயும் பெயரவில்லை.

"இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

கோல்கீப்பர் பெண்தான் பதில் சொன்னாள். "எங்க கோல் கம்பம் இரும்பு மேடம். ஒவ்வொரு தடவையும் கொண்டுவந்து வச்சு, முடிஞ்சதும் எடுத்துட்டுப் போகணும். இழுத்தா புல்லு கிழியும். யாராவது ஒரு சாண் இழுத்துட்டா அன்னைக்கு அந்த அணிக்கு ஆட்டம் கிடையாது. விசிலம்மா ஊதுவாங்க, நாங்க தூக்குவோம்."

"ஷூ?"

"கம்பம் தூக்கும்போது ஷூ போடக் கூடாது. பாரத்துல அடியில இருக்கிற ஆணி புல்லுல இறங்கிடும்."

அதிகாரியம்மா முதன்முறையாக விசிலம்மாவின் முகத்தைப் பார்த்தார். மனுஷங்களைப் பார்க்கும் கட்டம் வந்துவிட்டது போலும்.

"இவ்வளவு தெரிஞ்சவங்க, இது எப்படி இவ்வளவு நனைஞ்சுதுன்னு சொல்லுங்க."

இதற்குமேல் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க முடியாது. "நாங்கதான் மேடம். புல்லு காஞ்சு கிடந்துச்சு. நீங்க பார்த்தா மனசு கஷ்டப்படுவீங்கன்னு கொஞ்சம் தெளிச்சோம்."

"கொஞ்சம்?"

"கொஞ்சம்தான்" என்றார் வீட்டுக்காரர். "நான் தெளிச்ச தண்ணிக்கு இவ்வளவு சேறு வராதுங்க. தொழில் தெரிஞ்சவன் சொல்றேன்."

சட்டையிலிருந்து சேற்றை வழித்துக்கொண்டிருந்த சம்பந்தி கையை நிறுத்தினார். "ஹோஸ் உங்களுதா?"

"ஆமா."

"யாரோ புண்ணியவான் விட்டுட்டுப் போயிருக்கான்னு நினைச்சேன்." அவர் தொண்டையைச் செருமினார். "வண்டி ஓட்டினா தூசி கிளம்பும், அதிகாரியம்மாவுக்கு ஆகாதுன்னு... சாயங்காலம் வந்து திறந்து விட்டேன். அப்புறம் ஒரு வகுப்பு இருந்துச்சா, எடுத்துட்டு வந்து மூடினேன்."

"வகுப்பு முடியிற வரைக்கும் ஓடுச்சா?" வீட்டுக்காரர் நெஞ்சில் கைவைத்தார். "சம்பந்தி, அது பெரிய குழாய்."

பெண்கள் வரிசையில் ஒருத்தி இன்னொருத்தியைக் குத்தினாள். கடைசியில் கோல்கீப்பர் கையைத் தூக்கினாள். "நாங்களும் காலையில... வாட்டர் பாட்டில்ல. அக்காதான் சொன்னாங்க."

"எந்த அக்கா?"

எல்லோரும் மைதானத்தின் நடுவில் நின்றவளைப் பார்த்தார்கள். மகள் முகத்தில் ஈயாடவில்லை.

"ஆபீஸ் போயிட்டு வந்த அன்னைக்கு மாமா கேட்டாரு, தூசிக்கு என்ன பண்றதுன்னு. தண்ணி தெளிங்கன்னேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. அன்னைக்கே சாயங்காலம் அம்மா கேட்டாங்க, புல்லுக்கு என்ன பண்றதுன்னு. அவங்களும் சொல்லாதேன்னாங்க. அப்புறம் இதுங்க வந்து, நாங்க என்ன பண்ணட்டும்னு கேட்டுச்சுங்க." அவள் இரண்டு கையையும் விரித்தாள். "ஒரு வீட்டுக்கு ஒண்ணு, இன்னொரு வீட்டுக்கு ஒண்ணுன்னு ஓரவஞ்சனை பண்ண முடியுமா? எல்லாருக்கும் ஒரே யோசனையா சொல்லிட்டேன்."

முதலில் சிரித்தது சம்பந்திதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சேறு தெறித்தது. விசிலம்மா அவ்வளவு நேரம் தொண்டையில் வைத்திருந்ததை அப்போது விட்டாள்.

அதிகாரியம்மா சிரிக்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கோல் பக்கம் திரும்பி நின்றார்.

"அம்மா," என்றார் சம்பந்தி, மூச்சு வாங்கியபடி. "நான் வாபஸ் வாங்கிக்கிறேன்."

"அதெல்லாம் வேணாம் சம்பந்தி" என்று விசிலம்மா ஆரம்பித்தாள். பழக்கதோஷம். கோல்கீப்பர் பெண் அவளை முறைத்தாள். விசிலம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி, உங்க விருப்பம்."

"விருப்பம்தான். இந்தப் பசங்க இல்லேன்னா என் வண்டி அங்கேயே முளைச்சிருக்கும்."

"எங்க கிடங்குக்குப் பின்னால ஒரு முற்றம் இருக்கு" என்றார் அதிகாரியம்மா அவரிடம். "சனிக்கிழமை காலியாத்தான் கிடக்கு. கேட்டுப் பாருங்க. சிமெண்ட் தரை. அங்க நீங்க எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் நான் கேட்க மாட்டேன்." பிறகு விசிலம்மாவிடம், "அடுத்த சனிக்கிழமை வர்றேன். குதிகால் காய்ஞ்சு வந்தா கையெழுத்து. ஈரமா வந்தா அடுத்த வருஷம்தான்."

அவர் போனதும் விசிலம்மா சம்பந்தியிடம் கையை நீட்டினாள். "சட்டையைக் கழட்டிக் கொடுங்க. சாயங்காலம் புதுசாத் தர்றேன்."

"இங்கேயேவா?"

"உள்ள பனியன் இருக்குல்ல? அப்புறம் என்ன சம்பந்தி, வெட்கம்?"

அந்த வாரம் மைதானத்துக்குக் காவல் பலமாக இருந்தது. வீட்டுக்காரர் பொதுக்குழாயின் திருகைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். தூங்கும்போதும் அது பையில் இருந்தது. பெண்கள் வாட்டர் பாட்டிலைக் கொண்டுவந்தால் வேலிக்கு வெளியே நின்று குடித்துவிட்டு உள்ளே வந்தார்கள். மேகம் தெரிந்தால் சம்பந்தி தொலைபேசியில் கூப்பிட்டார். "பார்த்தீங்களா சம்பந்தியம்மா? மேற்கால ஒண்ணு கறுத்துக்கிட்டு வருது." மகளிடம் இரண்டு வீட்டாரும் எந்த யோசனையும் கேட்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. அதிகாரியம்மா நடுவுக்கு நடந்தார். குதிகாலை ஊன்றினார். திருகினார். எடுத்தார். எல்லோரும் ஓரத்தில் நின்றார்கள். விசிலம்மா வெளுத்துக் கொடுத்த அதே சட்டையைப் போட்டுக்கொண்டு சம்பந்தியும் நின்றார்.

பள்ளம் காய்ந்திருந்தது.

கோல் பக்கமும் காய்ந்திருந்தது. வண்டி மாட்டிய இடத்தில் மட்டும் ரொம்ப நேரம் நின்றார். பிறகு பையிலிருந்து அனுமதித் தாளை எடுத்து, முழங்காலில் வைத்து, கையெழுத்துப் போட்டு விசிலம்மாவிடம் கொடுத்தார்.

விசிலம்மா அதை மடிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெண்கள் பக்கம் திரும்பினாள். விசில் ஊத அவளுக்குக் கை இல்லை. தேவையும் இருக்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே ஷூக்களைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் கிடந்த கோல் கம்பத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். கோல்கீப்பர் பெண் எல்லோருக்கும் முன்னால் ஓடினாள்.

அதிகாரியம்மா குனிந்து ஒரு புல்லைக் கிள்ளி விரலில் உருட்டினார். பொடியாக உதிர்ந்தது.

"ரொம்பக் காஞ்சு போயிருக்கே" என்றார். "கொஞ்சம் தண்ணி விட்டா நல்லாயிருக்கும்."

வீட்டுக்காரரின் கை சட்டைப்பைக்குப் போனது. சம்பந்தி வானத்தைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"மேடம்," என்றாள் விசிலம்மா மெதுவாக. "அதுக்கும் விண்ணப்பம் இருக்கா?"

"இருக்கு" என்றார் அதிகாரியம்மா. இந்தத் தடவை அவர் திரும்பி நிற்காமலே சிரித்தார்.